மெரூன் நிற வயிற்றுவார்

சாயம் போட்ட தோலில் நிறம் இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய வெள்ளை வேட்டியில் உள்ளங்கை அளவு துண்டு கிழித்து, நனைத்துப் பிழிந்து, தோலின் மேல் ஒரே இடத்தில் இருபது தடவை அழுத்தித் தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் அந்தத் தோலைக் குதிரை மேல் போடலாம். நிறம் ஏறினால் போடக் கூடாது. நான் தேய்த்த ஒவ்வொரு துண்டிலும் பால்பாயின்ட் பேனாவால் தேதியையும் சேணத்தின் எண்ணையும் எழுதி, சேண அறைச் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பேன். இருபத்திரண்டு வருடம் செய்தித்தாள் ஒன்றில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவன் நான். ஆதாரம் இல்லாத வாக்கியம் எனக்குப் பிடிக்காது. அந்தத் துணிகளை நம்பிச் சில முடிவுகள் எடுத்தேன். ஒருவருடைய வேலை அந்த முடிவுகளைப் பொறுத்திருந்தது.

மனைவிக்குக் காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளுக்கு இடமாற்றம் வந்தபோது நானும் சென்னையை விட்டு ஹைதராபாத் வந்தேன். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அலுத்துப்போன சமயத்தில், நகரின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குக் கையேடு எழுதிக் கொடுக்கப் போனேன். போன இடத்திலேயே நிலைத்துவிட்டேன். அங்கே பதினொரு குதிரைகள். சேண அறைச் சாவி, கடிதங்கள், பெற்றோர்களுக்குப் போகும் அறிவிப்புகள் என் பொறுப்பு. பள்ளியை நடத்தியவர் கோயம்புத்தூர்க்காரர். கணவருக்கு ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலை. எல்லாரும் அவரை மேடம் என்றுதான் சொன்னார்கள்.

பதினொன்றில் ஒன்று மட்டும் வெள்ளை. ரேஸில் ஓடிக் கழித்துவிடப்பட்ட பெண்குதிரை. அதைப் பார்த்துக்கொண்டவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்த குடும்பம். மூன்று தலைமுறையில் ரயில்வே வேலை கிடைக்காதவர் அவர் ஒருவர்தான். தமிழோடு ஹைதராபாத் உருதுவும் கலந்து பேசுவார். லாயத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை அறை, அதில் அவரும் மனைவியும். வேலை இருக்கும்வரைதான் அறை. இது அவருக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசும்போது அந்த அறை நடுவில் நிற்கும்.

பள்ளியின் சட்டை மெரூன். ஒரு நாள் மேடம் சேணம், கடிவாளம், வார் எல்லாமே மெரூனாக இருந்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்று முடிவு செய்தார். நல்ல பழுப்புத் தோல்களையெல்லாம் பழைய சிட்டியில் ஒரு கடையில் கொடுத்துச் சாயம் ஏற்றினோம். கடைக்காரர் பத்து நாள் நிழலில் உலர விடச் சொன்னார். தினமும் உலர்ந்த துணியால் தேய்த்து மிச்சச் சாயத்தை எடுக்க வேண்டும், எண்ணெய் காட்டவே கூடாது, எண்ணெய் சாயத்தைக் கிளப்பிவிடும் என்றும் சொன்னார். மேடம் இரண்டு நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் வகுப்பு.

ஹைதராபாத்தின் ஏப்ரல் வெயிலில் குதிரையின் வியர்வை, பிள்ளையின் வியர்வை இரண்டும் புதுச் சாயத்தில் பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சோதனை தேவைப்படவில்லை. குதிரையேறப் பிள்ளைகள் போடும் வெள்ளை பிரீச்சஸ் கால்சட்டையின் பின்பக்கமும் உள்தொடையும் மெரூனாயின. ஓர் அப்பா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். அடுத்த வாரம் இன்னோர் அப்பா. இரண்டு பேருமே ஐ.டி. கம்பெனிக்காரர்கள், நம் ஊர்க்காரர்கள், மரியாதையாக எழுதியிருந்தார்கள். மேடம் குதிரைக்காரரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அந்த இரண்டு பிள்ளைகளும் ஏறியது வெள்ளைக் குதிரையில்.

"ஏனுங்க சார், இந்தாளு தொடைக்கறதே இல்லையாட்ட இருக்குதுங்க," என்று மேடம் என்னிடம் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "இங்க பாருப்பா. இது ரெண்டாவது வாட்டி. மூணாவது வாட்டி ஒரு புள்ளையோட துணியில கறை வந்துச்சுன்னா, நீ ரூமைக் காலி பண்ணிக்கோ."

"நான் டெய்லி தொடைக்கிறேன் மேடம். சாயம் நிக்கலைன்னா நான் இன்னா பண்றது?"

"பதில் பேசாத."

"ஹவ் மேடம்," என்றார். ஆமாம் என்பதற்கு அவர் அதைத்தான் சொல்வார்.

வெளியே வந்ததும் என்னைக் கேட்டார். எதற்கு என்பதற்கு அவருடைய உருதுச் சொல் கைக்கு. "கைக்கு சார் குதிரைக்குச் சட்டை கலரு? அது இன்னா ஸ்கூலுக்கா போவுது?"

நான் சிரித்தேன். கறையை நிறுத்தித் தருகிறேன் என்று மேடத்திடம் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சேணங்களைப் பொறுத்தவரை செய்தேன். எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து மூன்று நாள் நிழலில் போட்டேன். உலர்ந்த துணியால் நிறம் வராத வரை தேய்த்தேன். பிறகு சாயத்தைப் பூட்டிவைக்கும் மேல்பூச்சை மெல்லியதாக ஒரே ஒரு கை. அது காய்ந்ததும் மெழுகு. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது. பிரீச்சஸில் அதற்குப் பிறகு கறை படவில்லை. மேடம் என்னைப் பாராட்டினார். குதிரைக்காரரும் பாராட்டினார். "உங்க கையில மந்திரம் இருக்கு சார், என் ரூமு நின்னுச்சு."

வயிற்றுவார் மட்டும் அடங்கவில்லை. சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்து இறுக்கும் அகலமான தோல் பட்டை அது. வியர்வை முழுக்க அங்கேதான் இறங்கும். ஒரு கை பூசித் தேய்த்தேன், துணி இளஞ்சிவப்பு. இரண்டாவது கை பூசினேன். மூன்றாவது. ஐந்தாவது கை பூசியதும் துணி வெள்ளையாக வந்தது. அந்தத் துண்டையும் தேதி எழுதிச் சுவரில் குத்தினேன்.

குதிரைக்காரர் வாரைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். "இது தோலு இல்ல சார். தகரம்."

"சாயம் இறங்காது."

"சாயம் எறங்காது, ஹவ். வளையவும் வளையாது."

"ரெண்டு நாள் போட்டா பழகிடும்."

"யாருக்கு சார், வாருக்கா குதிரைக்கா?"

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார் என்பதால் அதையும் அவருடைய வேடிக்கைகளோடு சேர்த்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சேண அறைக்கு வந்து வாசலில் நின்றார். சாதாரணமாக உள்ளே வந்துவிடுவார்.

"சார், வெள்ளைக்கு வயித்துல ரத்தம் வருது."

"எங்க?"

"முன்னங்காலு பின்னாடி. வாரு ஒரசுற எடம்."

கையில் வாரையும் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு துண்டுத் துணியை நனைத்து அவர் முன்னாலேயே தேய்த்தேன். மேல்பூச்சு மடிப்பில் விரிசல் விட்டிருந்தது. அந்த வழியாகச் சாயம் வந்தது. துணி மெரூன். அவரிடம் தூக்கிக் காட்டினேன்.

"இது என்ன?"

"சாயம் சார்."

"அப்புறம்?"

"அதுவும் இருக்கு. இதுவும் இருக்கு."

இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கறை என்றால் அவர் வேலை போகும், காயம் என்றால் போகாது. அதனால் கறையைக் காயம் என்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது புகாருக்கு முன்கூட்டியே ஒரு காரணம் தயார் செய்கிறார் என்று தோன்றியது. ஒரு கூற்றைக் கேட்டால் அதில் சொல்பவருக்கு என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். செய்தி அறையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம் அது.

"வந்து ஒரு வாட்டி பாருங்க சார்," என்றார்.

போனேன். லாயத்தில் குதிரை தலையைத் தாழ்த்தி நின்றது. நான் பக்கத்தில் போனதும் காதுகளைப் பின்னால் மடித்து, பின்னங்காலைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கியது. இரண்டு அடி தள்ளியே நின்று குனிந்து பார்த்தேன். வெள்ளை ரோமத்தில் மெரூன் பட்டை. இரண்டு அடி தூரத்தில் சாயமும் ரத்தமும் ஒரே நிறம். நெருங்கித் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விரலால் தொட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் தோலைச் சோதித்தேன், குதிரையைச் சோதிக்கவில்லை.

"சாயம்தான்," என்றேன். "வாரைத் துடைச்சுப் போடுங்க."

பிள்ளைகள் அதற்குள் அந்தக் குதிரைக்குக் கெச்சப் என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள்கூட மைதானத்தில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும்தான் கத்தும். வெள்ளைக் குதிரை வெளியே வந்தால், "கெச்சப் ஒச்சிந்தி!" என்று ஒரு பையன் ஆரம்பிப்பான், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். யாருக்கு அது என்று வகுப்பில் சண்டை நடக்கும். யாருக்கும் அது வேண்டாம். தோற்றவர்தான் அதில் ஏற வேண்டும். பெரும்பாலும் தோற்றது ஒரு பதினொரு வயதுப் பெண். உடம்பு கொஞ்சம் கனம், மற்றவர்கள் அவளை ஃபிரெஞ்சு ஃபிரைஸ் என்றார்கள். கெச்சப்போடு போகும் என்பதற்காக.

அடுத்த வாரம் குதிரைக்காரர் தாமாகவே ஒரு வழி செய்தார். மனைவியின் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து வாருக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக் கட்டினார். பச்சைப் புடவை, மஞ்சள் பூ. குதிரை அன்று தலையைத் தூக்கி நடந்தது. இதை நான் பார்த்தேன். பார்த்தது நினைவில் இருக்கிறது.

மேடமும் பார்த்தார். "இது குதிரையா, கொடிக் கயிறா?" என்று மைதானத்தின் நடுவிலேயே கேட்டார். "பேரண்ட்ஸ் எல்லாம் போட்டோ எடுக்கறாங்க. பொண்டாட்டி சீலையக் கட்டி உட்ருக்கற. அசிங்கமா இல்ல?"

பெற்றோர் சிரித்தார்கள். அவருடைய மனைவி அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். புடவை யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"சார், நீங்க சொல்லக் கூடாதா இவனுக்கு?" என்றார் மேடம் என்னிடம்.

நான் சொன்னேன். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரம் தோலிலேயே நிற்கும், சாயம் இன்னும் அதிகமாக இறங்கும் என்று விளக்கினேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. குதிரைக்காரர் புடவையை உருவினார். உள்பக்கம் நனைந்து மெரூனாக இருந்தது. அதை என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா," என்றேன்.

"நீங்களும் பாருங்க சார்," என்றார். நான் பார்க்கவில்லை. மேடம் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குதிரைக்காரர் புடவையைச் சுருட்டி மனைவியிடம் கொடுத்தார். அந்தம்மா அதை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனார். வகுப்பு தொடர்ந்தது.

அந்த மாதக் கடைசியில் பள்ளிகளுக்கிடையே ஒரு போட்டி. எங்கள் மைதானத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை. அணிவகுப்பில் வெள்ளைக் குதிரைதான் முதலில் வர வேண்டும், மெரூன் சேணத்தோடு. சனிக்கிழமை மேடம் லாயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வயித்துல பாருங்க சார், வெத்தல துப்புன மாதிரி இருக்குதுங்க. நாளைக்கு வெள்ளையா இருக்கோணும்."

ரோமத்தில் ஏறிய சாயத்தை எடுக்க ஸ்பிரிட் போதும். பஞ்சில் நனைத்துத் தேய்த்து, சோப்பு நீரால் கழுவி, கடைசியில் கொஞ்சம் நீலம் கலந்த தண்ணீர் ஊற்றினால் வெள்ளை பளிச்சென்று வரும். பாட்டிலை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனேன். குதிரைக்காரர் பாட்டிலைப் பார்த்தார்.

"நக்கோ சார்," என்றார். வேண்டாம் என்பதற்கு அவருடைய உருது.

"மேடம் சொல்லிட்டாங்க."

"அது புண்ணு சார். புண்ணுல ஸ்பிரிட் ஊத்துவாங்களா? உங்க கையில வெட்டு பட்டா ஊத்துவீங்களா?"

"வெட்டு பட்டா ஸ்பிரிட்தான் போடுவாங்க," என்றேன். நல்ல பதில் என்று அப்போது தோன்றியது.

"செய்யலைன்னா இன்னா சார்?"

"செய்யலைன்னா நாளைக்குக் கறையோட வரும். அது மூணாவது."

"துணியில தானே சார் மூணு? இது குதிரையில."

"மேடம் அப்படிப் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க."

அவர் பாட்டிலை வாங்கிப் பஞ்சை நனைத்துக்கொண்டார். குதிரையைச் சுவரோரமாக நிறுத்தினார். கயிற்றை என்னிடம் கொடுத்தார். அதன் தலையைத் தன் பக்கம் வளைத்து, இடது கையால் காதைப் பிடித்துத் திருகினார். வலிக்கும் வேலை எதையாவது செய்யும்போது குதிரையை அசையாமல் நிறுத்துவதற்கு லாயங்களில் அப்படிச் செய்வார்கள். ஒரு வலியால் இன்னொரு வலியை மறக்கடிப்பது. அவர் அதற்கு முன் அந்தக் குதிரைக்கு அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு குனிந்து, வலது கையால் பஞ்சை வைத்தார்.

குதிரை கனைக்கவில்லை. வயிற்றுத் தோல் முழுவதும் சிலிர்த்து ஓடியது, தண்ணீரில் கல் போட்டதுபோல. பற்களை நறநறவென்று கடித்தது. கழுத்தில் ஒரு நிமிடத்துக்குள் வியர்வை பூத்தது. கயிறு என் கையில் இறுகியது, ஆனால் இழுக்கவில்லை. அவர் அதனிடம் ஏதோ உருதுவில் சொல்லிக்கொண்டே தேய்த்தார். வாளித் தண்ணீர் மெரூனானது. கொட்டிவிட்டு இரண்டாவது வாளி. அது இளஞ்சிவப்பு. மூன்றாவது வாளியில் நிறம் குறைய வேண்டும். குறையவில்லை. நான்காவதிலும் அதே இளஞ்சிவப்பு.

"பிடிவாதமான சாயம்," என்றேன்.

அவர் நீலத்தைக் கரைத்து ஊற்றினார். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் இருந்தது. மேடத்துக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிய படம் பதிலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பெற்றோர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். மற்ற பள்ளிகளின் குதிரைகள் வரிசையில் நின்றன. அந்தப் பதினொரு வயதுப் பெண் மெரூன் சட்டையும் புது வெள்ளை பிரீச்சஸும் போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, ஏறுவதற்காகக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். குதிரைக்காரர் வாரை முதல் துளையில் மாட்டினார். குதிரை மூச்சை இழுத்து நிறுத்தியது. இரண்டாவது துளைக்கு இழுத்தார். அதன் பின்னங்கால்கள் மடிந்தன. நாய் உட்கார்வதுபோல ஒரு கணம் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, சேணத்தோடு படுத்துவிட்டது.

"கெச்சப் படிப்போயிந்தி!" விழுந்துவிட்டது என்று தெலுங்கில் பையன்கள் கத்தினார்கள். அந்தப் பெண் ஓடிவந்து அம்மாவிடம் ஒட்டிக்கொண்டாள். அவள் மேல் எதுவும் படவில்லை. அவளுடைய பிரீச்சஸ் வெள்ளையாக இருந்தது.

போட்டிக்கு ஒரு கால்நடை மருத்துவரை வைத்திருந்தோம். அவர் வந்து, குதிரைக்காரரைத் தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வாரை அவிழ்த்தார். முன்னங்காலுக்குப் பின்னால் நான்கு விரல் நீளத்துக்குத் தோல் இல்லை. ஓரங்கள் வெளுத்திருந்தன. அது ஸ்பிரிட்டின் வேலை. நடுவில் சதை. பக்கத்தில் இரண்டு இடத்தில் பழைய பொருக்கு, கிழிந்து கிழிந்து மறுபடி மூடியது. மருத்துவர் வாரை எடுத்து உள்ளோரத்தில் கட்டைவிரலை ஓட்டினார், உடனே விரலை எடுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மேல்பூச்சு மடிப்பில் உடைந்து, உடைந்த வளையல் ஓரம் மாதிரி நின்றது. ஐந்து கை பூசிய கனம்.

இதில் எதையோ பூசியிருக்கிறார்கள், யார் செய்தது என்று தெலுங்கில் கேட்டார்.

பழைய சிட்டியில் ஒரு கடையில் சாயம் போட்டோம் என்றேன். அது உண்மையான வாக்கியம். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. அவர் தலையாட்டிவிட்டு குதிரைக்காரர் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நாளா என்று அவர் சொன்னார்.

மேடம் அதற்குள் வந்திருந்தார். "அப்ப உனக்குத் தெரியும்?"

"தெரியும் மேடம். சாருகிட்ட சொன்னேன்."

மேடம் என்னைப் பார்த்தார். பெற்றோர்களும் பார்த்தார்கள்.

"சொன்னார்," என்றேன். "நான் சாயம்னு நினைச்சேன்."

மேடத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கணக்கு நேராகிவிட்ட முகம். "கேட்டியா? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். புண்ணுன்னு தெரிஞ்சுட்டே அது மேல வாரைப் போட்டு இறுக்கியிருக்கற. தெரிஞ்சுட்டே ஸ்பிரிட் போட்டுத் தேச்சிருக்கற. நீயெல்லாம் மனுசனா?"

"நீங்க சொல்லித்தானே மேடம்..."

"நாங்க கறையத் தொடைக்கச் சொன்னோம். புண்ணத் தேய்க்கச் சொன்னமா?"

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். குதிரையின் தலை அவர் மடியில் இருந்தது, எழுந்து நிற்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் முதல் போட்டோ அனுப்பிய அப்பா இப்போதும் போன் கேமராவைப் பிடித்துக்கொண்டு, "வாயில்லா ஜீவன்யா அது, இப்படியா செய்வ?" என்றார். இன்னொரு அம்மா அழுதார். அந்த வட்டத்தில் குதிரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர் குதிரைக்காரர் மட்டும்தான். அதைக்கூட, கையை எடு என்று யாரோ சொன்னார்கள்.

மெரூன் வார்களையெல்லாம் மேடம் தூக்கிப் போட்டார். கறுப்பு நைலான் வந்தது, அதில் சாயப் பிரச்சினையே இல்லை. குதிரை ஆறு வாரத்தில் ஆறியது. அந்த இடத்தில் ரோமம் முளைக்கவில்லை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டார்கள். மேலே வெல்வெட் போர்த்துவதால் வடு தெரியாது.

அதெல்லாம் பிறகு. போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை, குதிரைக்காரருக்கு வேலைநீக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடிதங்கள் என் பொறுப்பு. இங்கிலீஷில் ஒரு பக்கம். காயம் இருந்ததை அவர் அறிந்திருந்தார். அறிந்தும் குதிரைக்குச் சேணம் பூட்டினார். காயத்தின் மேல் ஸ்பிரிட் பயன்படுத்தினார். ஏறத்தாழ பத்து நாள் இது நடந்தது. ஒவ்வொன்றும் நடந்த விஷயம். மேல்பூச்சைப் பற்றி எழுதவில்லை. அவர் என்னிடம் வந்து சொன்னதைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு செய்தியில் எதைச் சேர்ப்பது என்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். எதை விடுவது என்பதற்குத்தான் என்னைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். மேடம் படித்துவிட்டு, "கரெக்டா இருக்குதுங்க," என்றார்.

பதினோரு மணிக்கு அவரைக் கூப்பிட்டோம். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கடிதத்தை நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

"நக்கோ சார். நானே படிக்கிறேன். ரயில்வே ஸ்கூல்ல டென்த் வரைக்கும் இங்கிலீஷ் மீடியம்."

எனக்கு இது தெரியாது. அவர் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தார். மேடம் போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"டென் டேஸ்னு போட்டிருக்கீங்க சார்."

"ஆமா. ஏறத்தாழ."

"டென் இல்ல. நைன்டீன். நான் உங்ககிட்ட வந்து சொன்னது செவ்வாக்கெழம. ஷோ நடந்தது ஞாயித்துக்கெழம. நடுவுல ரெண்டு ஞாயிறு போச்சு."

மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரிதான். பத்தை விடப் பத்தொன்பது அவருக்குத்தான் பாதகம். அத்தனை நாள் அறிந்தே செய்தார் என்று ஆகும். அதை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை.

"மாத்தணுமா?" என்றேன்.

"ஹவ் சார். அது எத்தினி நாள் தாங்குச்சோ, அத்தினியும் போடுங்க."

கம்ப்யூட்டரில் எண்ணைத் திருத்தினேன். ஏறத்தாழ என்ற சொல்லை எடுத்துவிட்டேன், இப்போது அது தேவையில்லை. புது பிரதி வரும்வரை அவர் மேசைக்கு முன்னால் நின்றார், நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. தாள் வந்ததும் வாங்கி, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறையைக் காலி செய்ய மாலை ஆறு மணி வரை நேரம் கொடுத்திருந்தோம். மூன்று மணிக்குள் அவரும் மனைவியும் போய்விட்டார்கள்.